ஹட்டன் பக்கத்துத் தோட்டக் கணினி நிலையத்தில் பைதன் நிறுவல்: ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கை மலைநாட்டில், காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே, நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை போகும் பாதையை விட்டுப் பிரிந்து ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சிறிய கணினி நிலையம் ஒன்று நடக்கிறது. அதே தோட்டத்தில் படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் காசு சேர்த்து நடத்துவது. கொழும்பில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட டெஸ்க்டாப் கணினிகள் ஒரு டஜன் அளவில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளம். உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்த பிள்ளைகள் சனி, ஞாயிறுகளில் வருகிறார்கள். அந்தப் பாடத்தில் நிரலாக்கத்துக்குப் படிக்கும் மொழி பைதன். டவுனுக்கு டியூஷன் போய்வர பஸ் காசு பார்க்கும் வீடுகளுக்கு இந்த நிலையம்தான் வழி. இங்கே ஒரு கணினி ஒரு சனிக்கிழமை ஓடாவிட்டால் ஒரு பிள்ளைக்கு அந்த வாரம் பாடம் இல்லை. அதனால்தான் நடந்ததை விரிவாக எழுதி வைக்கிறேன். இதே மாதிரி நிலையங்கள் தலவாக்கலைப் பக்கமும் பண்டாரவளைப் பக்கமும் இருக்கின்றன, அங்கும் இதே பிழைகள் வரும்.

நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஹட்டனில் என்னைப் பிடித்துச் சொன்னது இதுதான்: "அண்ணே, பைதன் இன்ஸ்டால் ஆகுதில்ல. பாதி மெஷின்ல ஆகுது, பாதியில ஆகுதில்ல. போன் ஹாட்ஸ்பாட் குடுத்தா ஆகுது. அடுத்த கிழமை பார்த்தா திரும்ப ஆகுதில்ல. நெட் லைன் தான் பிழைனு நினைக்கிறேன்."

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உபுண்டுவில் பைதன் கூடவே வருகிறது, 24.04-இல் இருப்பது பைதன் 3.12. அதைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை. ஆகவே "பைதன் இன்ஸ்டால் ஆகவில்லை" என்றால், பைதனோடு சேர்த்துப் போட வேண்டிய பேக்கேஜ்கள், அதாவது கூடுதல் நிரல் பொதிகள், ஏறவில்லை என்று அர்த்தம். பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் பேக்கேஜ் மேனேஜர்கள் இங்கே இரண்டு வேலை செய்கின்றன. ஒன்று, உபுண்டுவின் ஆப்ட். மற்றது, பைதனுக்கே உரிய பிப். பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே கறுப்புத் திரைதான். எந்தப் பிழையை எது சொல்கிறது என்று பிரித்துப் பார்க்க யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தவை எண் கணக்குக்கு நம்பை, அட்டவணைகளுக்குப் பாண்டாஸ், வரைபடத்துக்கு மேட்பிளாட்லிப் மூன்றும். பரீட்சைக்கு இவை தேவையில்லை. ஆனால் ஒரு தங்கச்சி, அம்மா ஒரு மாதம் பறித்த கொழுந்தின் கிலோக் கணக்கை நாள்வாரியாக வரைபடமாகப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள். அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்க, எல்லாக் கணினிகளிலும் போடலாம் என்று தம்பி ஆரம்பித்திருக்கிறார். அங்கேதான் சிக்கியது.

திரையில் இருந்தது

மாட்டிக்கொண்ட கணினிகளில் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து, தம்பி வழக்கமாகச் செய்வதை அப்படியே செய்யச் சொன்னேன். சூடோ ஆப்ட் அப்டேட் (நிர்வாகி உரிமையோடு பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை), அப்புறம் பைதனின் வென்வ் பேக்கேஜை, அதாவது ஒவ்வொருவருக்கும் தனிப் பைதன் சூழல் அமைக்கும் பேக்கேஜை நிறுவும் கட்டளை. கடைசியில் சிவப்பாக நின்றது 404: கேட்ட கோப்பு சேவரில் இல்லை.

இத்தனை வாரமாக எல்லோரும் பார்த்து வந்தது இந்த 404-ஐத்தான். இணையத்தில் தேடியதும் அதைத்தான். மிரரை, அதாவது பேக்கேஜ்களின் நகல் வைத்திருக்கும் சேவரை மாற்று, எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் சோர்ஸ் பட்டியலைத் திருத்து என்று கிடைத்த ஆலோசனைகளை எல்லாம் செய்து பார்த்திருக்கிறார்கள். பிழைச் செய்தி ஆங்கிலத்தில் நீளமாக வருகிறது. தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளை கண்ணில் படும் கடைசி வரியைப் பிடித்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை. ஆனால் பேக்கேஜ் மேனேஜரில் கடைசி வரி பெரும்பாலும் விளைவு. காரணம் மேலே போயிருக்கும்.

திரையை மேலே உருட்டினோம். அப்டேட் கட்டளைக்கு உபுண்டுவின் மூன்று தொகுதிகள் பதில் சொல்லியிருந்தன. முதலாவது, 24.04 வெளிவந்தபோது இருந்த அடிப்படைத் தொகுதி. அது குறையில்லாமல் வந்திருந்தது. அடுத்த இரண்டும், அதாவது அப்டேட்ஸ் தொகுதியும் செக்யூரிட்டி தொகுதியும், ஒரே குறையைச் சொல்லின: இந்த ரிலீஸ் கோப்பு (தொகுதியின் திகதியும் உள்ளடக்கமும் எழுதிய கோப்பு) இன்னும் செல்லுபடியாகவில்லை, செல்லுபடியாக இன்னும் இத்தனை நாள், இத்தனை மணித்தியாலம் இருக்கிறது.

இன்னும் செல்லுபடியாகவில்லை என்றால், கோப்பு எதிர்காலத்திலிருந்து வந்திருக்கிறது என்று கணினி நினைக்கிறது. அடிப்படைத் தொகுதி 2024 ஏப்ரலில் முத்திரையிட்டு மூடப்பட்டது, அதன் திகதி மாறாது. மற்ற இரண்டும் புதுத் திருத்தங்களோடு அடிக்கடி புதுப்பிக்கப்படுபவை. அதனால்தான் ஒன்று தப்பியது, இரண்டு மாட்டின. உடனே திரையின் மேல் விளிம்பில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தோம். வருடம் சரியாகத்தான் இருந்தது. திகதி மட்டும் சுவரில் தொங்கிய கலண்டருக்குச் சில வாரங்கள் பின்னால் நின்றது.

404 எப்படி வந்தது என்பதும் இதோடு விளங்கிவிடுகிறது. அப்டேட் தோற்றதும் ஆப்ட் தன்னிடம் இருந்த பழைய பட்டியலையே வைத்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் இருந்த பதிப்பைக் கேட்டுப் போனது. அதற்குள் சேவரில் புதிய பதிப்பு வந்து பழையது எடுக்கப்பட்டுவிட்டது. மிரரிலும் லைனிலும் எந்தக் குறையும் இல்லை.

கடிகாரம் ஏன் பின்தங்கியது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடிகாரத்தைக் கையால் திருத்திவிட்டு வந்திருந்தால் அடுத்த சனிக்கிழமை மறுபடி இதே கதைதான்.

கணினியின் கரண்ட் முழுதாக அறுந்த நேரத்தில் உள்ளே இருக்கும் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் வட்டப் பெட்டரி. பெரும்பாலான டெஸ்க்டாப்களில் அது 2032 என்ற எண்ணுள்ள, காசு வடிவப் பெட்டரி. கணினி அணைந்திருந்தாலும் பிளக் சுவரில் செருகி சுவிட்ச் போட்டிருந்தால் பவர் சப்ளையிலிருந்து வரும் சிறு மின்சாரமே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும், பெட்டரி அவ்வளவாகத் தேயாது. ஆனால் மலைநாட்டில் யார் அப்படி விட்டு வைப்பார்கள்? மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி மின்னல். மின்னலில் டிவி போன வீடு எந்த லயத்தில் கேட்டாலும் ஒன்று இருக்கும். ஆகவே வேலை முடிந்ததும் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுவது நிலையத்தின் கட்டாய விதி. சரியான விதியும் கூட. அதன் விலை, வாரத்தில் ஐந்து நாளும் அந்தச் சின்னப் பெட்டரிதான் சுமை தாங்குகிறது. ஏற்கெனவே அலுவலகத்தில் வருடக்கணக்கில் இருந்த கணினிகள் என்பதால் பெட்டரிகளில் பாதிக்கு மேல் செத்துவிட்டிருந்தன.

பெட்டரி செத்தால் கடிகாரம் ஏதோ ஒரு பழைய வருடத்துக்குப் போக வேண்டும், அப்படிப் போயிருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்கள். உபுண்டு இங்கே ஓர் உதவி செய்கிறது, அதுவே கண்ணை மறைத்துவிட்டது. நேரத்தை ஒத்திசைக்கும் டைம்சிங்க்டி என்ற சேவை, கடைசியாகத் தான் அறிந்த நேரத்தை டிஸ்க்கில் எழுதி வைக்கும். கணினி மறுபடி எழும்போது கடிகாரம் அதைவிடப் பின்னால் இருந்தால், எழுதி வைத்த நேரத்துக்கு முன்தள்ளும். அதாவது ஞாயிறு மாலை அணைத்த கணினி, அடுத்த சனி காலை எழுந்து, இன்னும் ஞாயிறு மாலைதான் என்று நினைக்கிறது. கணினி ஓடிய மணித்தியாலங்கள் மட்டுமே அதன் கணக்கில் ஏறுகின்றன. வருடம் பொருந்தும். திகதி வாரத்துக்கு வாரம் பின்னுக்குப் போகும்.

இணையம் இருந்தால் டைம்சிங்க்டி சரியான நேரத்தைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டுமே? அதற்கு அது பயன்படுத்துவது யூடிபி 123 என்ற போர்ட், அதாவது தரவு போய்வரும் எண்ணிட்ட வாசல். பிள்ளைகள் வேண்டாத தளங்களுக்குப் போகாமல் இருக்க நிலையத்தில் ஒரு வடிகட்டிப் பெட்டி வைத்திருந்தார்கள். அது இணையப் பக்கங்களுக்குரிய 80, 443 போர்ட்டுகளை மட்டும் திறந்து மற்றதையெல்லாம் மூடியிருந்தது. டைம்டேட்சிடிஎல் என்று அடித்துப் பார்த்தோம். நேர ஒத்திசைவுச் சேவை ஓடுகிறது, ஆனால் கடிகாரம் ஒத்திசையவில்லை என்று தெளிவாகக் காட்டியது.

இப்போது தம்பி ஹட்டனில் சொன்னதை எடுத்துப் பாருங்கள். பாதிக் கணினியில் ஆகிறது: அவற்றில் பெட்டரி உயிரோடு இருக்கிறது. ஹாட்ஸ்பாட் கொடுத்தால் ஆகிறது: போன் 123-ஐ மூடவில்லை, இணைந்த சில விநாடியில் கடிகாரம் திருந்திவிடுகிறது. அடுத்த கிழமை ஆகவில்லை: பிளக்கைக் கழற்றியதும் பழைய கதை. அவர் கவனித்தது அத்தனையும் உண்மை. அதிலிருந்து லைன் பிழை என்ற முடிவுக்குப் போனதுதான் பொருந்தவில்லை. நல்ல குறிப்பெடுத்துக் கொண்டுவந்திருந்தார் என்பதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். "வேலை செய்யுதில்ல" என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் மிரரிலேயே சுற்றிக்கொண்டிருப்பேன்.

இன்னொரு விஷயமும் விளங்கியது. ஆப்ட் தோற்ற சில கணினிகளில் பிப் மட்டும் ஓடியிருக்கிறது. வேறு சிலவற்றில் பிப்பும் சான்றிதழ் பிழை சொல்லி நின்றிருக்கிறது. பிப் தொடர்பு கொள்ளும் சேவரின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் ஒரு தொடக்கத் திகதி உண்டு. கடிகாரம் கொஞ்சம் மட்டும் பின்தங்கியிருந்தால் அந்தத் திகதி ஏற்கெனவே கடந்திருக்கும், பிப்புக்கு உறுத்தாது. பாடசாலை விடுமுறை முழுக்க மூடிக் கிடந்து, மாதக்கணக்கில் பின்தங்கிய கணினியில் சான்றிதழே இன்னும் பிறக்காததாகத் தெரியும். ஆக, ஆப்ட் நின்று பிப் ஓடினால் கடிகாரம் நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ பிந்துகிறது. இரண்டும் நின்றால் மாதக்கணக்கில்.

இதைத் தாண்டிப் போகக் குறுக்கு வழிகள் உண்டு. ஆப்ட்டில் திகதிச் சோதனையை நிறுத்தலாம். பிப்பில் ஒரு சேவரை நம்பு என்று சொல்லிச் சான்றிதழ்ச் சோதனையைத் தவிர்க்கலாம். இரண்டையும் அங்கே யாரோ செய்து பார்த்திருந்தார்கள். எனக்கு இதில் கடுமையான எதிர்ப்பு உண்டு. திகதிச் சோதனை இருப்பது, பழைய ஓட்டையுள்ள பட்டியலை யாராவது புதிது மாதிரிக் காட்டி ஏமாற்றாமல் இருப்பதற்கு. சான்றிதழ்ச் சோதனை இருப்பது, பேக்கேஜ் உண்மையான இடத்திலிருந்து வருகிறதா என்று பார்ப்பதற்கு. சிறு பிள்ளைகள் பாவிக்கும் கணினியில் இவை இரண்டையும் நிரந்தரமாக அணைத்து வைப்பது, ஒரு சின்னப் பெட்டரிக்குக் கொடுக்கிற மிகப் பெரிய விலை.

ஹட்டன் டவுனில் பெட்டரி வாங்கி எல்லாக் கணினிக்கும் மாற்றினோம். வடிகட்டிப் பெட்டியில் யூடிபி 123-ஐ வெளியே போக மட்டும் திறந்தோம். திகதிச் சோதனையை நிறுத்திய வரிகளைத் தேடி அழித்தோம். பிளக்கைக் கழற்றும் விதி அப்படியே இருக்கிறது.

அடுத்து வந்தது: பூட்டு

கடிகாரம் சரியானதும் ஆப்ட் வேறு குறை சொல்ல ஆரம்பித்தது: டிபிகேஜியின் பூட்டைப் பெற முடியவில்லை. டிபிகேஜி என்பது ஆப்ட்டுக்கு அடியில் பேக்கேஜ்களை உண்மையில் நிறுவும் கருவி; ஒரே நேரத்தில் ஒன்று மட்டும் அதைப் பாவிக்கத்தான் அந்தப் பூட்டு. இதைப் பார்த்ததும் அங்கிருந்தவர்களுக்கு மனம் விட்டுப்போனது. "ஒண்ணு போனா இன்னொண்ணு வருதே அண்ணே" என்றாள் அந்தத் தங்கச்சி. ஆனால் இது நல்ல செய்தி. மாதக்கணக்கில் திகதிப் பிழையால் தோற்றுக்கொண்டிருந்த தானியங்கிப் புதுப்பித்தல், கடிகாரம் திருந்திய உடனே விட்டதையெல்லாம் பிடிக்க ஓடத் தொடங்கியிருக்கிறது. செய்தியிலேயே எந்தப் புரொசஸ் பூட்டை வைத்திருக்கிறது என்று எண்ணும் பெயரும் இருந்தன. பெயர் தெளிவாக அன்அட்டெண்டட் அப்கிரேட்.

இணையத்தில் இதற்குக் கிடைக்கும் பிரபலமான வைத்தியம், பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்பது. ஒரு கணினியில் ஒரு பையன் ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தான். அந்தக் கோப்பு அழிந்தாலும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும் புரொசஸ் நிற்பதில்லை. இரண்டாவது ஒன்று உள்ளே வர வழி மட்டும் திறக்கிறது. ஒரே செக்ரோல் புத்தகத்தில் இரண்டு கணக்கப்பிள்ளைமார் ஒரே நேரத்தில் பேர் பதிந்த மாதிரி ஆகிவிடும். அந்தக் கணினியில் சில பேக்கேஜ்கள் பாதி விரித்த நிலையில் நின்றன. டிபிகேஜியிடம் மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் அமைத்து முடிக்கச் சொல்லும் கட்டளை, அப்புறம் ஆப்ட்டிடம் உடைந்த சார்புகளைச் சரிசெய்யச் சொல்லும் கட்டளை, இரண்டும் கொடுத்து மீட்டோம். மற்றவற்றில் செய்தது ஒன்றுதான்: காத்திருந்தோம். அந்த லைனில் அது நீண்ட காத்திருப்பு. ஆனால் காத்திருப்பதைத் தவிர அங்கே செய்ய வேறொன்றும் இல்லை.

கணினியின் பைதன், பிள்ளைகளின் பைதன்

ஆப்ட் ஒழுங்கானபின் பிப் பக்கம் வந்தோம். உபுண்டு 23.04-இலிருந்தும் டெபியன் 12-இலிருந்தும் ஒரு மாற்றம் நடைமுறையில் இருக்கிறது. பைதன் சமூகத்தின் பெப் 668 என்ற ஆவணத்தின்படி, இயங்குதளம் பராமரிக்கும் பைதனுக்குள் பிப் நேரடியாக எதையும் நிறுவாது. இந்தச் சூழல் வெளியே பராமரிக்கப்படுகிறது என்று சொல்லி நின்றுவிடும். கீழே மாற்று வழிகளையும் சொல்லும். ஆப்ட் வழியாகப் போடு, அல்லது வென்வ் ஒன்றை உருவாக்கி அதற்குள் போடு. எல்லாவற்றுக்கும் கீழே, சிஸ்டம் பேக்கேஜை உடைத்தாலும் பரவாயில்லை என்ற பொருளில் ஒரு தெரிவையும் காட்டும்.

பிள்ளைகள் பாவித்தது அந்தக் கடைசித் தெரிவை, அதுவும் சூடோவோடு. மேலே சொன்ன அதே வழக்கம்: கண்ணில் படும் கடைசி வரி.

இது ஏன் ஆபத்து என்று அவர்களுக்கு அங்கேயே காட்டினேன். சற்று முன் பூட்டைப் பிடித்து வைத்திருந்த தானியங்கிப் புதுப்பித்தல் நிரலே பைதனில் எழுதப்பட்டது. அது ஓடுவது கணினியின் அதே பைதன் 3.12-இல். பிப் சூடோவோடு கொண்டுவந்து போடும் புதுப் பதிப்பு, கணினி எதிர்பார்க்கும் பதிப்பை மறைத்தால் கணினியின் சொந்தக் கருவிகளே தடுமாறும். நல்ல காலமாக, உபுண்டுவில் பிப் இப்படிப் போடுபவை யூஎஸ்ஆர் லோக்கல் என்ற தனி அடைவுக்குள் போகின்றன; ஆப்ட் போட்டவை வேறு இடத்தில் தொடப்படாமல் இருக்கின்றன. ஆகவே லோக்கலுக்குள் இருந்தவற்றைப் பிப் மூலமே நீக்கினோம், கணினியின் பைதன் பழையபடி வந்தது.

பிறகு ஒவ்வொரு பிள்ளையின் கணக்கிலும் ஒரு வென்வ். உபுண்டு டெஸ்க்டாப்பில் வென்வ் பேக்கேஜைத் தனியாக ஆப்ட்டால் போட வேண்டும். போடாமல் உருவாக்க முயன்றால், வென்வ்வுக்குள் பிப்பை வைத்துத் தரும் என்ஷூர்பிப் இல்லை என்ற பிழை வரும், அரைகுறையாக ஓர் அடைவும் மிஞ்சும். அந்த அடைவை அழித்துவிட்டுத்தான் மறுபடி உருவாக்க வேண்டும். சிலருடைய ஹோம் அடைவில் அப்படி மிச்சங்கள் கிடந்தன.

பழைய பட்டியல்

வென்வ்வும் தயார். எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு வேண்டும் என்று எழுதிய ரிக்குவயர்மென்ட்ஸ் கோப்பைப் பிப்பிடம் கொடுத்ததும் இந்த முறை ஒரு பக்கத்துக்கு மேல் சிவப்பு. நடுவில் பிகேஜியூட்டில் என்ற மொடியூலில் இம்ப்இம்போர்ட்டர் என்ற ஒன்று இல்லை என்று இருந்தது. சிலர் இதைப் பார்த்து, மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் சி கொம்பைலர் இல்லாததுதான் குறை என்று நினைத்து, பில்ட் எசென்ஷியல் தொகுதியை முழுதாக இறக்கியிருக்கிறார்கள். டேட்டாவும் போனது, பிழையும் போகவில்லை.

கோப்பைத் திறந்து பார்த்தால் நம்பை 1.24 என்று ஆணியடித்து எழுதியிருந்தது. முன்பு வகுப்பெடுத்த ஒருவர் தன் காலத்தில் ஓடிய பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்போது அது சரியாகவே ஓடியிருக்கும். நம்பை 1.24-க்கு முன்தயாரிப்பான வீல் கோப்புகள் பைதன் 3.8 முதல் 3.11 வரை மட்டுமே உண்டு. 3.12-க்கு இல்லை. வீல் கிடைக்காவிட்டால் பிப் மூலநிரலை இறக்கி அங்கேயே கட்டப் பார்க்கும். கட்டுவதற்கு அந்தப் பழைய நம்பை, கட்டும் கருவியான செட்அப்டூல்ஸின் ஒரு பழைய பதிப்பைக் கேட்கும். அந்தப் பழைய செட்அப்டூல்ஸ், பைதன் 3.12-இல் நீக்கப்பட்ட இம்ப்இம்போர்ட்டரைத் தேடும். கொம்பைலர் வரைக்கும் வேலை போகவே இல்லை.

நம்பை 3.12-ஐ ஆதரிக்கத் தொடங்கியது 2023-இல் வந்த 1.26-இலிருந்து. பட்டியலை நம்பை 1.26.4, பாண்டாஸ் 2.2, மேட்பிளாட்லிப் 3.8 என்று திருத்தினோம். பழைய பைதனைத் தனியாகக் கொண்டுவந்து போடலாமே என்று தம்பி கேட்டார். போடலாம். ஆனால் யார் அதைப் பராமரிப்பது? உபுண்டு கொடுக்கும் 3.12-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வரும். கூடுதலாகக் கொண்டுவந்த ஒன்றை இந்த நிலையத்தில் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிலோக் கணக்கை வரைபடமாக்க அது தேவையே இல்லை.

இத்தோடு ஒரு பழக்கத்தையும் ஏற்படுத்தினோம். ஒன்லி பைனரி என்ற தெரிவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி பிப்பின் கொன்ஃபிக் கோப்பிலேயே எழுதினோம். அது இருந்தால் பிப் மூலநிரலைத் தொடாது. வீல் இல்லையென்றால் பொருந்தும் பதிப்பு இல்லை என்று ஓரிரு வரியில் நின்றுவிடும். ஒரு பக்கச் சிவப்பை விட அந்த ஓரிரு வரி பிள்ளைக்கு ஆயிரம் மடங்கு உதவி.

லைன்

கடைசியில் லைனும் ஒரு குறைதான், தம்பி சொன்னது முழுக்கப் பிழையில்லை. தோட்டம் இருப்பது பள்ளத்துப் பக்கம். மழை இறங்கினால் சிக்னல் ஏறி இறங்கும். பிப் 15 விநாடி பதில் வராவிட்டால் கைவிட்டு மறுபடி முயலும். உபுண்டு 24.04 கொடுக்கும் பிப் 24.0, பாதியில் அறுந்த பதிவிறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து தொடங்கும். 2025-இல் வந்த 25.1 பதிப்பில்தான் தொடரும் வசதி சேர்ந்தது. நம்பை வீல் ஏறத்தாழ 18 மெகாபைட், பாண்டாஸ் 13. சார்ந்தவற்றோடு மொத்தம் 50 மெகாபைட் சொச்சம். அதை ஒரு டஜன் கணினியும் தனித்தனியாக, அறுந்து அறுந்து இறக்கினால் ரீலோட் காசு என்னாகும்?

ஒரே ஒரு முறை இறக்கினால் போதும். பிப் டவுன்லோட் என்ற கட்டளை நிறுவாமல் வீல்களை மட்டும் ஓர் அடைவில் சேர்க்கும். மற்றக் கணினிகளில் நோ இண்டெக்ஸ், ஃபைண்ட் லிங்க்ஸ் என்ற இரண்டு தெரிவுகளோடு அந்த அடைவைக் காட்டினால் இணையமே இல்லாமல் ஏறிவிடும். அடைவை பென் டிரைவில் கொண்டுபோனோம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தம்பி முன்பே இதை யோசித்து, டவுனில் நல்ல லைன் கிடைத்தபோது தன் விண்டோஸ் மடிக்கணினியில் வீல்களை இறக்கிக் கொண்டுவந்திருந்தார். இந்த மேடைக்கு உகந்த வீல் இல்லை என்று உபுண்டு மறுத்துவிட்டது. யோசனை சரி, கோப்பு வேறு. பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து வீல் கோப்பின் பெயரை வாசித்துக் காட்டினேன். முதலில் பேக்கேஜின் பெயர், பிறகு பதிப்பு, பிறகு சிபி312 என்றால் பைதன் 3.12-க்கானது, கடைசியில் மெனிலினக்ஸ் என்றால் லினக்ஸுக்கானது, வின் என்றால் விண்டோஸுக்கானது, அதோடு ஒட்டி வருவது ப்ராசசர் வகை. பெயரிலேயே முழு விவரமும் இருக்கிறது. தங்கச்சி தம்பியின் பென் டிரைவில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, "இது எல்லாம் வின், இது சிபி311, இது ஒண்ணும் இங்க ஏறாது" என்று அவளே பிரித்துவிட்டாள். விண்டோஸ் மடிக்கணினியிலிருந்தே லினக்ஸ் வீல்களை இறக்கவும் முடியும். டவுன்லோட் கட்டளைக்கு பிளட்ஃபோம், பைதன் வேர்ஷன் இரண்டையும் சொல்லி, ஒன்லி பைனரியையும் சேர்க்க வேண்டும். தம்பி இப்போது அப்படித்தான் செய்கிறார்.

ஆப்ட் பேக்கேஜ்களுக்கும் இதே சிக்கனம் வேண்டும். ஒரு கணினியில் ஆப்ட் கேஷர் என்ஜி நிறுவி, மற்றவை எல்லாம் அதனூடாக இறக்கும்படி வைத்தோம். முதல் கணினி இறக்கியது அங்கே தங்கும்; அடுத்தவை வீட்டுக்குள்ளிருந்தே எடுக்கும். வாராந்தரத் திருத்தங்கள் இப்போது ஒரு முறைதான் மலையேறி வருகின்றன.

இப்போதைய நிலை

எல்லாக் கணினிகளிலும் மூன்று பேக்கேஜும் ஏறிவிட்டன. தங்கச்சியின் வரைபடமும் வந்துவிட்டது: மழை நாட்களில் கிலோ சரிவதும், வெயில் திரும்பினால் ஏறுவதும் கோட்டில் தெரிகிறது. அம்மாவிடம் காட்டப் போகிறேன் என்று படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டாள்.

செய்ய இன்னும் சில இருக்கின்றன. ஒரு கணினியில் புதுப் பெட்டரி போட்ட பிறகும் நேரம் பின்தங்குகிறது. பெட்டரி உட்காரும் தகட்டில் துரு இருக்கிறது, அதைச் சுரண்டிச் சுத்தம் பண்ண வேண்டும். அதுவரை அந்தக் கணினியை எழுப்பியதும் திகதியைப் பார்க்கும்படி எழுதி ஒட்டியிருக்கிறோம். வீல் அடைவு பைதன் 3.12-க்கு மட்டுமே. உபுண்டு 24.04-க்கு வழக்கமான ஆதரவு 2029 வரை இருப்பதால் அவசரமில்லை, ஆனால் அடுத்த நீண்டகாலப் பதிப்புக்கு மாறும்போது பைதனும் மாறும், அன்று அடைவை முழுதாகப் புதிதாக இறக்க வேண்டும். எந்தக் கட்டளையால், எந்தப் பட்டியலை வைத்து இறக்கியது என்பதைத் தம்பி தமிழில் எழுதி அதே அடைவுக்குள் ஒரு கோப்பாக வைத்திருக்கிறார். பென் டிரைவின் ஒரு பிரதி டிக்கோயாவில் இதே மாதிரி நிலையம் நடத்தும் நண்பர்களிடம் போயிருக்கிறது; அங்கே இருப்பது உபுண்டு 22.04, பைதன் 3.10 என்பதால் அவர்களுக்கென்று வீல்களைத் தனியாக இறக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம்.